நான், துர்கா கோட்டே

உரைநடை – தன்வரலாற்று இலக்கியம்

நுழையும் முன்

திரையில் தோன்றும் நடிகையின் முகத்தை நாம் அறிவோம். அம்முகத்திற்குப் பின்னால் வாழ்ந்த பெண்ணைப் பெரும்பாலும் அறியோம். அவரைப் பற்றி இதழ்கள் எழுதும், அயலார் பேசுவர். அவரே எழுதுகோலை எடுத்துத் தம் வாழ்வைத் தாமே கூறுவது அரிது. இந்தியத் திரையுலகின் தொடக்கக்கால நடிகையருள் ஒருவரான துர்கா கோட்டே, தம் முதுமையில் அவ்வரிய பணியைச் செய்தார். மராத்தி மொழியில் அவர் எழுதிய தன்வரலாற்றின் வழியாக, ஒரு பெண்ணின் உழைப்பையும் ஒரு கலையின் வளர்ச்சியையும் இப்பாடத்தில் காண்போம்.

1. தன்வரலாறு என்பது யாது?

ஒருவரது வாழ்வைப் பிறர் எழுதினால் அது வாழ்க்கை வரலாறு. தம் வாழ்வைத் தாமே எழுதினால் அது தன்வரலாறு. தமிழில் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இவ்வகைக்குச் சிறந்த சான்று. 1940 முதல் 1942 வரை அது ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. அது நிறைவுறுவதற்கு முன்னரே ஆசிரியர் மறைந்தார். நாமக்கல் கவிஞரின் 'என் கதை'யும் இவ்வகையைச் சார்ந்ததே. காந்தியடிகள் தம் 'சத்திய சோதனை'யைக் குஜராத்தி மொழியில் எழுதினார்.

மராத்தி மொழியில் பெண்கள் எழுதிய தன்வரலாறுகளுக்கு நெடிய மரபு உண்டு. ரமாபாய் ரானடேயின் நினைவுக் குறிப்புகள் 1910இல் வெளிவந்தன. லட்சுமிபாய் திலக் எழுதிய 'ஸ்ம்ருதிசித்ரே' என்னும் நூலை மராத்தியர் இன்றும் போற்றிப் படிக்கின்றனர். இம்மரபில் 1982இல் வெளிவந்தது 'மீ, துர்கா கோட்டே'. 'மீ' என்னும் மராத்திச் சொல்லுக்கு 'நான்' என்பது பொருள். சாந்தா கோகலே செய்த இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2006இல் வெளியாயிற்று.

2. ஆடவர் நடித்த அரசி

துர்கா கோட்டேயின் வாழ்வை உணர, அவர் திரைக்கு வருவதற்கு முந்திய நிலையை அறிதல் வேண்டும். 1913ஆம் ஆண்டில் தாதாசாகேப் பால்கே 'ராஜா அரிச்சந்திரா' என்னும் மௌனப்படத்தை வெளியிட்டார். அரிச்சந்திரனின் மனைவியாக நடிக்கப் பெண் ஒருவரைத் தேடினார், எவரும் முன்வரவில்லை. இறுதியில், உணவு விடுதியொன்றில் பணியாற்றிய அண்ணா சாளுங்கே என்னும் இளைஞருக்குப் பெண் வேடம் புனைந்து நடிக்கச் செய்தார். அந்நாளில் மேடையில் ஆடவர் பெண் வேடம் ஏற்பது இயல்பே. எனினும், புதிதாகப் பிறந்த ஒரு கலையில், ஓர் அரசியாக நடிக்க ஒரு பெண்கூடக் கிடைக்கவில்லை என்பது அக்காலச் சமூகத்தின் நிலையை உணர்த்துகிறது.

அதே 1913இல் பால்கே எடுத்த 'மோகினி பஸ்மாசுர்' படத்தில் துர்காபாய் காமத் என்பவரும் அவர்தம் மகள் கமலாபாயும் நடித்தனர். அவர்கள் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். ஆகவே, பெண்கள் திரைக்கு வரவே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. வந்த பெண்களுக்குச் சமூகம் மதிப்பளிக்கவில்லை என்பதே உண்மை. நடிப்புத்தொழில் பெண்ணின் மானத்திற்கு இழுக்கு என்று கருதிய காலம் அது.

3. இல்லமும் இடரும்

துர்கா கோட்டே 1905ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் பிறந்தார். பிறந்த வீட்டில் அவர் பெயர் விட்டா லாட். மும்பையில் வசதியும் கல்வியும் நிறைந்த குடும்பம் அது. கதீட்ரல் பள்ளியிலும் புனித சேவியர் கல்லூரியிலும் அவர் பயின்றார். பெண்கள் பள்ளிப்படிப்பை முடிப்பதே அரிதாக இருந்த காலத்தில் அவருக்குக் கல்லூரி வாயில் திறந்தது.

கல்லூரியில் பயிலும் பருவத்திலேயே பொறியியல் கற்ற விஸ்வநாத் கோட்டேயுடன் அவருக்குத் திருமணம் நடந்தது. கணவரின் குடும்பமும் செல்வக் குடும்பமே. ஆனால் செல்வம் நிலைக்கவில்லை. குடும்பம் பொருளை இழந்தது. கணவரையும் துர்கா இளவயதிலேயே இழக்க நேர்ந்தது. இரண்டு ஆண் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. வசதியாக வாழ்ந்த ஒரு பெண், தம் கையால் பொருள் ஈட்டியே தீரவேண்டும் என்னும் நிலைக்கு வந்தார்.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ளுங்கள். கலைமேல் கொண்ட ஆர்வத்தால் நடிக்க வந்ததாகப் பலர் கூறுவர். துர்காவைத் திரைக்கு அழைத்துவந்தது தேவை. கலை பிறகே அவர் கைவந்தது. தேவையால் தொடங்கிய ஒரு தொழிலை உழைப்பால் கலையாக உயர்த்தியதே அவரது வாழ்வின் பெருமை.

அவர் முதலில் தோன்றியது 1931இல் வெளிவந்த 'பரேபி ஜால்' என்னும் படத்தில். அது ஒரு சிறு வேடமே. அப்படம் அவருக்குப் புகழைத் தரவில்லை, பழியையே தந்தது. நற்குடும்பத்துப் பெண் திரையில் தோன்றுவதா என்னும் ஏளனம் பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் தாக்கியது. அத்துடன் அவர் ஒதுங்கியிருந்தால் அவரை இன்று எவரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

4. தாராமதி

கொல்லாப்பூரில் 1929இல் தொடங்கப்பட்டது பிரபாத் பிலிம் கம்பெனி. அதன் இயக்குநர்களுள் ஒருவரான வி. சாந்தாராம், துர்காவைத் தம் படத்தில் நடிக்க அழைத்தார். அப்படம் 'அயோத்தியேச்சா ராஜா'. 1932இல் வெளிவந்த இதுவே மராத்தியின் முதல் பேசும்படமாகக் கருதப்படுகிறது. 'அயோத்தியா கா ராஜா' என்னும் பெயரில் இந்தியிலும் இப்படம் எடுக்கப்பட்டது. அரிச்சந்திரனாக நடித்தவர் கோவிந்தராவ் டெம்பே.

இது பால்கே எடுத்த அதே அரிச்சந்திரன் கதை. துர்கா ஏற்றது, 1913இல் ஓர் ஆடவர் நடித்த அதே அரசி வேடம். 19 ஆண்டுகளில் எத்தகைய மாற்றம்! தமிழ் மரபில் அவ்வரசியைச் சந்திரமதி என்று அழைக்கிறோம். மராத்தி மரபில் அவள் பெயர் தாராமதி. பெயர் வேறாயினும், நாடிழந்து, கணவனைப் பிரிந்து, மகனையும் பறிகொடுத்து நிற்கும் துயரம் ஒன்றே.

அந்நாளில் பேசும்படத்தில் நடிப்பது எளிதன்று. பின்னணிப் பாடல் முறை அப்போது வரவில்லை. நடிப்பவரே பாடவேண்டும், படக்கருவி ஓடும்போதே பாடவேண்டும். வசனம் பிறழ்ந்தால் காட்சி முழுவதையும் மீண்டும் எடுக்கவேண்டும். ஒரே காட்சியை மராத்தியில் ஒருமுறையும் இந்தியில் ஒருமுறையும் நடிக்கவேண்டும். மேடைப் பயிற்சி இல்லாமல் வந்த ஒரு பெண் இவை அனைத்தையும் வேலை செய்துகொண்டே கற்றார். படம் வெற்றி பெற்றது. முன்னர் ஏளனம் செய்தோர் இப்போது பாராட்டினர்.

தெரிந்து தெளிவோம்

தமிழ் பேசிய முதல் திரைப்படமான 'காளிதாஸ்' வெளிவந்ததும் 1931ஆம் ஆண்டிலேதான். அதில் கதைத்தலைவியாக நடித்தவர் டி.பி. இராஜலட்சுமி. நாடக மேடையில் புகழ்பெற்ற பின்னர்த் திரைக்கு வந்த அவர், 1936இல் 'மிஸ் கமலா' என்னும் படத்தைத் தாமே இயக்கினார். துர்கா கோட்டே 1937இல் 'சாத்தி' என்னும் படத்தைத் தாமே தயாரித்து இயக்கினார். இருவரும் நடிப்பதோடு நின்றுவிடவில்லை என்பதை ஒப்பிட்டு நோக்குக.

5. எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாதவர்

அக்காலத் திரைப்படக் கம்பெனிகள் தொழிற்சாலைகளைப் போல இயங்கின. நடிகர், பாடகர், ஒப்பனைக் கலைஞர், தச்சர் ஆகிய அனைவரும் மாத ஊதியம் பெறும் பணியாளர்களே. ஒரு கம்பெனியில் பணிபுரிவோர் மற்றொன்றின் படத்தில் நடிப்பது வழக்கமன்று. ஊதியம் உறுதியாகக் கிடைக்கும். ஆனால் எந்த வேடத்தை ஏற்பது என்பதை முடிவுசெய்யும் உரிமை நடிகருக்கு இராது.

துர்கா கோட்டே இம்முறையை மீறிய முதல் கலைஞர்களுள் ஒருவர். பிரபாத்தில் நடித்தார்; கல்கத்தாவுக்கும் சென்று நடித்தார். தேவகி போஸ் இயக்கிய 'ராஜராணி மீரா' (1933), 'சீதா' (1934) ஆகிய இரு படங்களிலும் பிருதிவிராஜ் கபூருடன் நடித்தார். பிறகு மீண்டும் பிரபாத்திற்கு வந்து 'அமர் ஜோதி' (1936) படத்தில் சௌதாமினியாக நடித்தார். சட்டம் தாய்க்குத் தன் மகன்மேல் உரிமை மறுத்தமையால், வெகுண்டெழுந்து கடற்கொள்ளையரின் தலைவியாகும் பெண் அவள். கணவன் சொல் தட்டாத தாராமதியையும் சட்டத்தையே எதிர்த்த சௌதாமினியையும் நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே நடிகை நம் முன் நிறுத்தினார்.

1960இல் வெளிவந்த 'முகலே ஆசம்' படத்தில் அக்பரின் மனைவி ஜோதாபாயாக அவர் நடித்தார். கணவனுக்கும் மகனுக்கும் இடையே அல்லலுறும் தாயின் வேடம் அது. 'அக்பர்' என்னும் பெயரில் இப்படம் தமிழிலும் வெளிவந்தது. 'பிதாயி' (1974) படத்தில் நடித்தமைக்காகத் துணை நடிகைக்கான பிலிம்பேர் விருது பெற்றார். ஏறத்தாழ 50 ஆண்டுகளில் அவர் நடித்த படங்கள் 200 எனக் கணக்கிடுவர்.

6. மேடையும் பிற்காலமும்

திரையில் புகழ்பெற்ற பின்னரே அவர் மேடையை நாடினார் என்பது வியப்பிற்குரியது. காடில்கர் எழுதிய 'பாவுபந்தகி' நாடகத்திலும், ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகத்தைத் தழுவி வி.வா. சிர்வாட்கர் எழுதிய 'ராஜமுகுட்' நாடகத்திலும் அவர் நடித்தார். 1958இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 1968இல் பத்மசிறீ விருதும் அவரை வந்தடைந்தன.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. அவர் நிறுவிய துர்கா கோட்டே புரொடக்சன்ஸ் நிறுவனம் விளம்பரப் படங்களையும் குறும்படங்களையும் தயாரித்தது. 1988இல் தூர்தர்சனில் ஒளிபரப்பாகி இந்தியா முழுவதும் மக்கள் விரும்பிக் கண்ட 'வாக்லே கி துனியா' தொடர் இந்நிறுவனத்தின் படைப்பே. கேலிச்சித்திரக் கலைஞர் ஆர்.கே. லட்சுமணின் எளிய மனிதனை அடியொற்றி அமைந்த தொடர் அது.

1983ஆம் ஆண்டிற்கான தாதாசாகேப் பால்கே விருது துர்கா கோட்டேக்கு வழங்கப்பட்டது. 1913இல் அரிச்சந்திரனின் அரசியாக நடிக்க ஒரு பெண்ணைக் காணாது தவித்தவர் பால்கே. 70 ஆண்டுகளுக்குப் பின், அவ்வரசியாக நடித்துத் திரையில் நிலைத்த பெண்மணிக்கு அவர் பெயரிலேயே நாட்டின் உயரிய திரைப்பட விருது வழங்கப்பட்டது. 1991ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் துர்கா கோட்டே மறைந்தார்.

7. இரு நடிகையர், இரு நூல்கள்

மராத்தியில் மற்றொரு நடிகையின் தன்வரலாறும் புகழ்பெற்றது. அம்சா வாட்கர் என்பவரின் 'சாங்க்த்யே ஐக்கா' என்னும் நூல் 1970இல் வெளிவந்தது. 'சொல்கிறேன், கேளுங்கள்' என்பது அத்தலைப்பின் பொருள். 1959இல் அவர் நடித்து வெற்றிபெற்ற படத்தின் பெயரும் அதுவே. அந்நூலை அடிப்படையாகக் கொண்டு சியாம் பெனகல் 'பூமிகா' (1977) படத்தை எடுத்தார். அதில் நடித்த சுமிதா பாட்டீலுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

இரு நூல்களுக்கும் இடையே வேறுபாடுகள் உள. அம்சா வாட்கர் தம் கதையை வாய்மொழியாகக் கூற, எழுத்தாளர் அருண் சாது அதனை எழுத்தில் வடித்தார். கல்லூரியில் பயின்ற துர்கா தம் கதையைத் தாமே எழுதினார். ஒன்றின் தலைப்பு கேட்போரை நோக்கி அழைக்கிறது. மற்றொன்றின் தலைப்பு, 'இவள்தான் நான்' என்று நிமிர்ந்து நிற்கிறது. இருவரும் பெண்கள், இருவரும் நடிகையர், எனினும் பிறந்த குடியும் பெற்ற கல்வியும் அவர்கள் பேசும் முறையையே மாற்றிவிடுகின்றன.

8. சிந்திக்க வேண்டிய ஒன்று

துர்கா கோட்டேயைக் குறிப்பிடும்போது, 'நற்குடும்பத்திலிருந்து திரைக்கு வந்த முதல் பெண்களுள் ஒருவர்' என்று பலரும் எழுதுவர். இது பாராட்டாகவே தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கினால் இதனுள் ஓர் அநீதி மறைந்திருப்பது புலப்படும். அவருக்கு முன் நடித்த துர்காபாய் காமத், கமலாபாய் போன்றோர் நற்குடும்பத்தினர் அல்லரா? ஏழ்மையில் பிறந்தும், நாடகக் கொட்டகையில் வளர்ந்தும், உழைத்து உண்ட பெண்கள் எவ்வகையில் குறைந்தவர்கள்? ஒருவரை உயர்த்தும் சொல், சொல்லாமலே மற்றொருவரைத் தாழ்த்திவிடக்கூடும்.

துர்காவின் துணிவை நாம் போற்றவேண்டும். அவர் வந்ததால் பல குடும்பங்களின் தயக்கம் நீங்கியது. பல பெண்களுக்கு வழி திறந்தது. ஆயினும் அவர் நடந்த பாதையில் முள்ளை அகற்றியவர்கள் அவருக்கு முன்பே இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தன்வரலாறு எழுதவில்லை. எழுதக் கற்பிக்கப்படவுமில்லை. ஒரு தன்வரலாற்றைப் படிக்கும்போது, எழுதியவரின் குரலைக் கேட்பதோடு, எழுத வாய்ப்புப் பெறாதவரின் மௌனத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சொற்பொருள்

இடர் – துன்பம்
இழுக்கு – குறை, பழி
ஏளனம் – இகழ்ச்சி
ஈட்டுதல் – தேடிச் சேர்த்தல்
ஊதியம் – சம்பளம்
ஒப்பனை – வேடத்திற்கேற்ப முகத்தைப் புனைதல்
தழுவி – ஒன்றை ஒட்டி, அதன்படி அமைத்து
அடியொற்றி – பின்பற்றி
அல்லலுறும் – துன்புறும்

இலக்கணம் அறிவோம் – தன்மை இடம்

பேசுபவர் தம்மைக் குறிப்பது தன்மை. கேட்பவரைக் குறிப்பது முன்னிலை. இருவரும் அல்லாத பிறரைக் குறிப்பது படர்க்கை. தன்வரலாறு தன்மை இடத்திலும், வாழ்க்கை வரலாறு படர்க்கை இடத்திலும் அமையும்.

'நான்' என்னும் சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது 'என்' எனத் திரியும் (என்னை, என்னால், எனக்கு). அவ்வாறே 'தான்' என்பது 'தன்' எனத் திரியும். தன் + வரலாறு = தன்வரலாறு.

தன்மைப் பன்மையில் தமிழுக்கு இரு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக் கூறினால் 'நாம்'; இஃது உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. கேட்பவரை நீக்கிக் கூறினால் 'நாங்கள்'. இந்தியில் இரண்டிற்கும் 'ஹம்' என்னும் ஒரே சொல். மராத்தியிலோ தமிழைப் போன்றே 'ஆபண்', 'ஆம்ஹி' என இரு சொற்கள் உள்ளன. இந்தி பேசும் சூழலில் வளரும் மாணவர்கள் 'நாம்', 'நாங்கள்' இரண்டையும் மாற்றி வழங்காதிருக்கப் பழகுதல் வேண்டும்.

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. 'மீ' என்னும் மராத்திச் சொல்லின் பொருள்
(அ) நீ (ஆ) நான் (இ) அவள் (ஈ) நாம்

2. 1932இல் துர்கா கோட்டே ஏற்ற அரசி வேடம்
(அ) ஜோதாபாய் (ஆ) சௌதாமினி (இ) தாராமதி (ஈ) சீதை

3. 'சாங்க்த்யே ஐக்கா' நூலைத் தழுவி எடுக்கப்பட்ட படம்
(அ) அமர் ஜோதி (ஆ) பிதாயி (இ) சாத்தி (ஈ) பூமிகா

ஆ. கோடிட்ட இடங்களில் 'நாம்' அல்லது 'நாங்கள்' இட்டு நிரப்புக.

1. ஐயா, ________ நேற்றே கட்டுரையை எழுதி முடித்துவிட்டோம்.
2. தம்பி, வா! ________ இருவரும் நூலகத்திற்குச் செல்வோம்.
3. ________ அனைவரும் இந்நாட்டின் மக்கள்.

இ. படர்க்கையில் உள்ளவற்றைத் தன்மை இடத்திற்கு மாற்றி எழுதுக.

எடுத்துக்காட்டு: அவர் தம் மகன்களை வளர்த்தார். – நான் என் மகன்களை வளர்த்தேன்.

1. அவர் மும்பையில் பிறந்தார்.
2. அவருக்குப் பொருள் தேவைப்பட்டது.
3. அவர்கள் தங்கள் தொழிலை நேசித்தார்கள்.

ஈ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.

1. வாழ்க்கை வரலாறு, தன்வரலாறு – வேறுபடுத்துக.
2. தொடக்கக்காலப் பேசும்படத்தில் நடிப்பவரே பாட நேர்ந்தது ஏன்?
3. தாராமதிக்கும் சௌதாமினிக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது?

உ. ஒரு பத்தி அளவில் விடையளிக்க.

1. மாத ஊதியக் கம்பெனி முறையால் நடிகர் பெற்ற நன்மையும் இழந்த உரிமையும் யாவை?
2. 1913, 1932, 1983 ஆகிய மூன்று ஆண்டுகளை இணைத்து, திரைத்துறையில் பெண்களின் நிலை மாறியதை விளக்குக.

ஊ. ஒரு பக்க அளவில் எழுதுக.

'ஒருவரை உயர்த்தும் சொல், சொல்லாமலே மற்றொருவரைத் தாழ்த்திவிடக்கூடும்.' – பாடக்கருத்தைக் கொண்டும், அன்றாடப் பேச்சில் நீங்கள் கேட்ட சொற்களைக் கொண்டும் இக்கூற்றை ஆராய்க.

எ. செயல்திட்டம்

உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதிய பெண்மணி ஒருவரை அணுகி, அவர் முதன்முதலில் ஊதியம் ஈட்டிய நாளைப் பற்றிக் கேளுங்கள். வீட்டு வேலையன்றி வேறு ஊதியம் ஈட்டாதவராயின், அவர் கற்க விரும்பிக் கற்க இயலாமற்போன ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். அவர் கூறியதைத் தன்மை இடத்தில், அவரே பேசுவது போல, இருபது வரிகளில் எழுதுக. எழுதிய பின் அவருக்குப் படித்துக் காட்டுக. அவர் திருத்தச் சொல்லும் இடங்களைத் திருத்துக. இது அவருடைய வரலாறு; எழுதும் கை மட்டுமே உங்களுடையது.